ஒரு பக்கம் இழுக்கும் கார்: காரணம் காணும் வரிசை



ஜாசினிலிருந்து வந்திருக்கிறீர்கள். மெர்லிமாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். அசகான், செலாண்டார், பெம்பான், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று மலாக்கா மாநிலத்தின் நான்கு திசையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எப்படி வந்தீர்கள்? பெரும்பாலோர் கார் ஓட்டித்தான் வந்திருப்பீர்கள். 1985இல் வந்த சாகா, 1993இல் வந்த விரா, 1994இல் வந்த கஞ்சில், 2005இல் வந்த மைவி என்று நம் குடும்பங்களோடு சேர்ந்தே வயதான வண்டிகள் அவை. அவற்றில் எத்தனை வண்டிகள், ஸ்டியரிங் பிடியைச் சற்றே தளர்த்தினால் நேராக ஓடும்? எத்தனை இடப்பக்கம் இழுக்கும்? எத்தனை வலப்பக்கம் இழுக்கும்?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது, அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தமிழ் மேடையில் பேசுகிற பொருளா இது என்று சிலர் நினைக்கலாம். பேச வேண்டிய பொருள்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன். சிம்பாங் அம்பாட்டிலோ ஆயர் குரோவிலோ ஜாசினிலோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடந்துபோகிறோம். அந்த வேகத்தில் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் இழுக்கும் வண்டியை ஓட்டலாமா? இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உழைத்துச் சேர்த்த பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுவதும் கார் ஓடுவது எதன் மேல்? ரப்பர் மேல். இந்த நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் எங்கே பயிரானது? நம் மலாக்காவில்! 1896ஆம் ஆண்டு, புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்னும் மலாக்கா சீனர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில் நட்டது அது. பின்னர் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த முதல் நடவுக்கு எட்டு ஆண்டுகள் முன்னால்தான், 1888இல், டன்லப் நடைமுறைக்கு ஏற்ற காற்றடைத்த டயரை உருவாக்கியிருந்தார். உலகத்துக்கு டயர் வேண்டும்; டயருக்கு ரப்பர் வேண்டும்; ரப்பருக்குப் பால் வெட்டக் கை வேண்டும். அந்தக் கை யாருடைய கை? நம் பாட்டன் பாட்டியின் கை. விடியுமுன் தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்த கை. டயரைப் பற்றித் தெரிந்துகொள்ள நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

ஆகவே, பெருமக்களே, விஷயத்துக்கு வருவோம்.

கார் இழுக்கிறது என்றவுடன் நாம் என்ன செய்கிறோம்? நேராக டயர் கடைக்குப் போகிறோம். "அலைன்மென்ட் பண்ணுங்க" என்கிறோம். கடைக்காரர் இயந்திரத்தில் ஏற்றுகிறார், திருகுகிறார், இறக்குகிறார். பணம் கொடுக்கிறோம். வண்டி வெளியே வருகிறது. இரண்டாவது சமிக்ஞை விளக்கு வருவதற்குள் மறுபடியும் இழுக்கிறது! அப்போது என்ன சொல்கிறோம்? "அந்தக் கடை சரியில்லை." வேறு கடைக்குப் போகிறோம். அங்கேயும் அதே கதை.

கடை சரியில்லையா, நாம் கேட்ட கேள்வி சரியில்லையா? அலைன்மென்ட் இயந்திரம் சக்கரங்களின் கோணத்தை அளக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. டயருக்குள் இருக்கும் கோளாறு அதற்குத் தெரியாது. விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் அதற்குத் தெரியாது. வண்டி நிற்கும்போது ஒழுங்காக உட்கார்ந்திருந்து, ஓடும்போது மட்டும் அசைந்துகொடுக்கும் தேய்ந்த ரப்பர் புஷ் அதற்குத் தெரியாது. அலைன்மென்ட் தேவைதான். ஆனால் வரிசையில் அது கடைசியில் வருவது. கடைசியில் வரவேண்டியதை முதலில் செய்தால் பணம் போகும், இழுப்பு போகாது.

வரிசை முக்கியம், அன்பர்களே. நான் இன்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தது அந்த வரிசையைத்தான். அந்த வரிசைக்கு ஒரே ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்று. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் டயரையும் மாற்றி, பிரேக்கையும் பிரித்து, அலைன்மென்டும் செய்துவிட்டால், இழுப்பு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த முறையும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

முதல் படி என்ன? ஸ்பேனரா? ஜாக்கியா? இல்லை. முதல் படி, கேள்வி. எப்போது இழுக்கிறது?

நேராக, ஒரே வேகத்தில் ஓடும்போது இழுக்கிறதா? பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? எண்ணெய் மிதித்து வேகமெடுக்கும்போது மட்டும் இழுக்கிறதா? புறப்பட்டவுடன் ஒழுங்காக இருந்து, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு இழுக்கத் தொடங்குகிறதா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு திசையைக் காட்டும். ஓட்டுபவருக்கு மட்டுமே தெரிந்த பதில்கள் இவை. பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டியரிங் வட்டம் கோணலாக நிற்கிறது. இது இழுப்பு இல்லை. பிடியைத் தளர்த்தினாலும் வண்டி நேராகவே போகும். வட்டத்தின் நடு மட்டும் தள்ளி இருக்கும். இதற்கு வேறு மருந்து. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும்.

சரி, கேள்வி கேட்டாயிற்று. இரண்டாவது படி? சாலையைப் பாருங்கள்.

சாலையா என்று வியக்காதீர்கள். மழை நீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில் சரிவு இருக்கும். மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், நடுக்கோட்டிலிருந்து விளிம்புக்கு வருவதற்குள் சாலை ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே மெல்ல இடப்பக்கம் சாய்வது வண்டியின் குற்றமில்லை, சாலையின் இயல்பு. தோட்டத்துச் சாலைகளில் இன்னும் மோசம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த செம்மண் பாதையில், எந்த வண்டியும் பள்ளம் காட்டும் பக்கமே போகும். அங்கே சோதிக்காதீர்கள்.

எங்கே சோதிப்பது? தட்டையான, நேரான, போக்குவரத்து இல்லாத சாலையில். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் போதும். கையை எடுத்துவிடக் கூடாது. விரல்கள் வட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பிடி மட்டும் தளர வேண்டும். ஒரு திசையில் ஓட்டுங்கள். திரும்பி அதே சாலையில் எதிர்த்திசையில் ஓட்டுங்கள். காற்று வலமிருந்து வீசி வண்டியைத் தள்ளியிருந்தால், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் தள்ளும். இரு திசையிலும் ஒரே பக்கம், அதுவும் பலமாக இழுத்தால், வண்டியில் கோளாறு இருக்கிறது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்தவை. அப்படிப்பட்ட சாலையில் உங்கள் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்றால், சாலையின் சரிவையும் மீறி இழுக்கிறது என்று பொருள். வலப்பக்கம் என்ன இருக்கிறது? எதிரே வரும் வாகனம் இருக்கிறது! வலப்பக்கம் இழுக்கும் வண்டியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது படி, காற்று. காசு செலவில்லாத படி. ஆனால் நாம் அதிகம் தாண்டிச் செல்லும் படியும் இதுதான்.

முன் இடது டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். வலது டயரில் குறைந்தால் வலப்பக்கம் இழுக்கும். காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகமாக அழுந்துகிறது, உருள மறுக்கிறது. அந்தப் பக்கம் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும்? டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய மேல் எல்லை. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. அதைப் படியுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் கூடியிருக்கும். அந்த அளவு உங்களை ஏமாற்றிவிடும். நான்கு டயரையும் பாருங்கள், முன் இரண்டை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

காற்று சரி. இன்னும் இழுக்கிறது. நான்காவது படி, டயர். இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

இன்று நம் கார்களில் ஓடுவது ரேடியல் டயர். 1946இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. டயரின் உள்ளே, தரையைத் தொடும் பகுதிக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றி இருக்கும். அந்தப் பட்டை செய்யும்போதே நடுவை விட்டு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? டயரின் ஒரு தோள் விறைப்பாகவும், மறு தோள் இளக்கமாகவும் இருக்கும். வெளியே பார்த்தால் புதிய டயர். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. உருளத் தொடங்கினால் கூம்பு வடிவத்தில் நடந்துகொள்ளும். ஒரு பக்கமாகவே திரும்பப் பார்க்கும். எந்த அலைன்மென்ட் இயந்திரமும் இதைக் காட்டாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? மிக எளிது. முன் இடது டயரைக் கழற்றி வலப்பக்கம் போடுங்கள். வலது டயரை இடப்பக்கம் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அதே சாலையில் மறுபடி ஓட்டுங்கள். முன்பு இடப்பக்கம் இழுத்த வண்டி இப்போது வலப்பக்கம் இழுக்கிறதா? குற்றவாளி டயர்தான்! இழுப்பு அதே பக்கம் அப்படியே இருக்கிறதா? டயர் மேல் பழியில்லை, அடுத்த படிக்குப் போங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடம் வலம் மாற்றாமல், அதே பக்கத்தின் முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பாருங்கள்.

ஒரு ஜாக்கி, ஒரு நட்டுச் சாவி, அரை மணி நேரம். இவ்வளவுதான் செலவு. இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல் எத்தனை பேர் லோவர் ஆர்மை மாற்றினார்கள்? எத்தனை பேர் அப்சார்பரை மாற்றினார்கள்? எத்தனை பேர் வண்டியையே விற்றார்கள்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை விட்டு ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த குடும்பம். பழைய விரா ஒன்று. மாதக் கடைசி. ஒரு டயர் தேய்ந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் காசு இருக்கிறது. யாரோ கழற்றிப் போட்ட பழைய டயர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி இடப்பக்கம் போடுகிறார்கள். வலப்பக்கம் ஒரு நிறுவனத்தின் டயர், இடப்பக்கம் வேறு நிறுவனத்தின் டயர். ஒன்றின் வயது இரண்டு, இன்னொன்றின் வயது ஒன்பது. ஒன்றில் பள்ளம் ஆழம், இன்னொன்றில் பள்ளம் வழுக்கை. அந்த வண்டி நேராக ஓடுமா? அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. நெருக்கடி எனக்குப் புரிகிறது. நான் சொல்வது இதுதான்: புதியதோ பழையதோ, முன் அச்சில் இரண்டும் ஒரே இனமாக, ஒரே அளவாக, ஒத்த வயதாக இருக்கட்டும். வயதை எப்படிப் பார்ப்பது? பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வாங்குமுன் அந்த நான்கு இலக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

டயரும் சரி. இன்னும் இழுக்கிறது. ஐந்தாவது படி, பிரேக். இது உயிரைக் காக்கும் படி. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை: பிரேக் மிதிக்கவே இல்லை, வண்டி இழுக்கிறது. அதுவும் புறப்பட்டவுடன் இழுக்கவில்லை. ஜாசினில் புறப்பட்டு ஆயர் குரோவை நெருங்கும்போது இழுக்கிறது. நின்றதும் கருகல் வாடை அடிக்கிறது. இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தருகே போய்ப் புறங்கையை நெருக்கமாகக் கொண்டுபோங்கள்; தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். பிறகு வலது சக்கரத்தருகே கொண்டுபோங்கள். ஒன்று இளஞ்சூடு, இன்னொன்று அனல் என்றால், அந்த அனல் அடிக்கும் சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே வருகிறது.

ஏன் விடுபடவில்லை? பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிபர் நகரும் ஊசிகளில் கிரீஸ் வற்றித் துருப்பிடித்திருக்கலாம். உள்ளே இருக்கும் பிஸ்டன் இறுகியிருக்கலாம். அல்லது பிரேக் ரப்பர்க் குழாய் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். வெளியே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும். நீங்கள் காலால் மிதிக்கும் பலத்தில் எண்ணெய் அந்த வீக்கத்தைத் தாண்டிப் போய்விடும். காலை எடுத்ததும் திரும்பி வருவதற்கு அவ்வளவு பலம் கிடையாது; எண்ணெய் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே இருக்கும். பட்டறைத் தம்பிமார்கள் இதை எளிதில் சோதிக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள்; கையால் சுழற்றிப் பாருங்கள்; சுழலவில்லை என்றால், காலிபரில் காற்று வெளியேற்றும் சிறு திருகைத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. குழாயையும் அதற்கு மேலே உள்ளதையும் பாருங்கள். அப்போதும் விடுபடவில்லை என்றால், கோளாறு காலிபரிலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முழுக் காலிபரையும் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் வகை: ஓடும்போது நேராகப் போகிறது, பிரேக் மிதித்தால் மட்டும் இடப்பக்கம் பாய்கிறது. இங்கே பலரும் இடது பிரேக்கைத்தான் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் அது தவறு! இடப்பக்கம் பாய்கிறது என்றால் இடது பிரேக் வேலை செய்கிறது. வலது பிரேக் வேலை செய்யவில்லை. பிடிக்கும் பக்கம் போகிறது வண்டி. பிடிக்காத பக்கம்தான் கோளாறு. வலது பக்கத்துப் பிஸ்டன், வலது பக்கத்துப் பேட், அதில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில், அலோர் காஜா, மலாக்கா, ஜாசினை இணைக்கும் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில், முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும்போது ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை இழுப்பு தெரிந்தால் அன்றே பட்டறைக்குப் போங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள்.

பிரேக்கும் சரி. ஆறாவது படி, தேய்மானம்.

சக்கரத்தைத் தாங்கி நிற்கும் லோவர் ஆர்ம், அதில் இருக்கும் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், அப்சார்பரின் தலைப்பகுதி என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால், வண்டி நிற்கும்போது ஆர்ம் தன் இடத்தில் இருக்கும். பிரேக் மிதித்தால் பின்னால் நகரும். எண்ணெய் மிதித்தால் முன்னால் நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் சக்கரத்தின் கோணம் மாறும். பிரேக் மிதித்தால் ஒரு பக்கம், வேகமெடுத்தால் மறு பக்கம் என்று வண்டி அலைந்தால் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். நெம்புகோல் வைத்து அசைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பின்சக்கரப் புஷ்களையும் மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள், பெருமக்களே. இதுவரை எவற்றைப் பார்த்தோம்? டயர், பிரேக் குழாய், புஷ். மூன்றும் என்ன? மூன்றும் ரப்பர்! பிரேக் குழாயில் செயற்கை ரப்பர். டயரில் இயற்கையும் செயற்கையும் கலந்த ரப்பர். பல புஷ்களில், திரும்பத் திரும்ப வளைந்தாலும் எளிதில் களைக்காத இயற்கை ரப்பர். இரும்பு வளைவதற்கு ஒரு விபத்து வேண்டும். ரப்பர் கெடுவதற்கு வெயிலும் வயதும் போதும். மலாக்கா வெயிலில் வருடக் கணக்காக நிற்கும் வண்டியில், இரும்பைச் சந்தேகிக்கும் முன் ரப்பரைச் சந்தேகியுங்கள். பால் வெட்டிய பரம்பரைக்கு இது மறக்காது.

இத்தனையும் முடிந்த பிறகு, ஏழாவது படியாக வருகிறது அலைன்மென்ட். தேய்ந்த உறுப்பை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்தினால் அந்தத் திருத்தம் நிற்காது. அதனால்தான் இது கடைசி.

மூன்று கோணங்கள் உண்டு. ஒன்று கேம்பர்: முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறதா, உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது. எந்தப் பக்கச் சக்கரத்தின் தலை அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இரண்டாவது காஸ்டர்: சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. அந்தப் பின்சாய்வு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். மூன்றாவது டோ: மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் மூக்கும் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பது. கவனியுங்கள்: முன்சக்கர டோ பிசகினால் டயர் ஓரம் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஆனால் அது மட்டும் தொடர்ந்த இழுப்பைத் தருவது அரிது. நம்மிடம் ஓடும் பல சிறிய கார்களில், வேறு உறுப்பு சேர்க்காமல் முன்பக்கம் திருகி மாற்றக்கூடியது எது? டோ மட்டுமே! இப்போது புரிகிறதா, அலைன்மென்ட் செய்தும் ஏன் இழுப்பு நிற்கவில்லை என்று? இழுப்பைத் தராத கோணத்தைத்தான் திருகியிருக்கிறார்கள்.

கேம்பரும் காஸ்டரும் திருக முடியாத வண்டியில் அவை ஏன் பிசகுகின்றன? ஏதோ வளைந்திருக்கிறது. சாலைப் பள்ளத்தில் விழுந்தபோதோ, ஓரக் கல்லில் மோதியபோதோ லோவர் ஆர்ம் வளைந்திருக்கலாம். அப்சார்பர் தண்டு வளைந்திருக்கலாம். எஞ்சினுக்குக் கீழே உள்ள சட்டம் நகர்ந்திருக்கலாம். கோணத்தைப் பார்த்து வளைந்ததைத் தேட வேண்டும். வளைந்ததை விட்டுவிட்டுக் கோணத்தைத் திருத்தக் கூடாது. இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக அரை பாகை வேறுபட்டாலே ஓட்டுபவர் கைக்குத் தெரியத் தொடங்கும். அரை பாகை ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பால்வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கோடு போக வேண்டும். சரிவு கெட்டால் பால் கோப்பைக்கு ஒழுங்காக வராது. கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். அளவுக்கருவி இல்லாமல், இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் நம்மவர்கள். அந்த நுட்பத்தின் வாரிசுகளுக்கு அரை பாகையின் அருமை தெரியாமல் போகலாமா?

இன்னும் சில காரணங்கள் உண்டு; சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் மிதித்தால் மட்டும் இழுப்பது, முன்சக்கரங்களால் ஓடும் வண்டிகளில் ஓரளவு இயல்பு. திடீரென்று அதிகமானால் டிரைவ் ஷாஃப்டையும் எஞ்சின் தாங்கிகளையும் பாருங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டால் ஸ்டியரிங் தானாகவே திரும்புகிறது என்றால், பவர் ஸ்டியரிங்கில் கோளாறு. பின்சக்கரங்கள் கோணலாக நின்றால் வண்டி நண்டு நடை நடக்கும். மழைக்குப் பின் ஈரச் சாலையில் நேராக ஓட்டி இறங்கிப் பார்த்தால், பின் டயர்த் தடம் முன் டயர்த் தடத்தை விட்டு விலகியிருப்பது தெரியும்.

"புஸ்பகோம் சோதனையில் தேறிய வண்டி, அதில் எப்படிக் கோளாறு இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். 1994இல் தொடங்கிய அந்த வாகனச் சோதனை நிலையத்தில் வண்டி ஒரு தகட்டின் மேல் மெல்ல ஏறும். அந்தத் தகடு பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் சறுக்கும் என்று கணக்கிடுவார்கள். அது பெரும்பாலும் டோவைத்தான் காட்டும். உருளைகளின் மேல் வைத்து இடது பிரேக்குக்கும் வலது பிரேக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் அளப்பார்கள். இது அருமையான தகவல். ஆனால் டயருக்குள் நகர்ந்த எஃகுப் பட்டையை அந்தச் சோதனை காட்டாது. பழைய வண்டி வாங்கும்போது சோதனைத் தாளையும் பாருங்கள், நேரான சாலையில் ஓட்டியும் பாருங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணாதீர்கள்.

பட்டறைத் தம்பிமார்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள். வண்டியைத் தொடுமுன் ஓட்டிப் பாருங்கள்; முடித்த பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மாற்றிய பழைய உறுப்பை வாடிக்கையாளர் கையில் கொடுத்துத் தேய்மானத்தைக் காட்டுங்கள். அலைன்மென்ட் செய்தால், முன்பிருந்த அளவும் பிறகு வந்த அளவும் அச்சிட்ட தாளைக் கொடுங்கள். இந்த மூன்றையும் செய்யும் பட்டறையை யாரும் விட்டுப் போகமாட்டார்கள். கையால் கற்ற தொழிலோடு மலேசியத் திறன் சான்றிதழையும் படித்து வாங்குங்கள். "நமக்குப் படிப்பு வராது, அதனால் பட்டறை" என்ற பேச்சை நம் வீடுகளிலிருந்து ஒழிக்க வேண்டும். நான் இன்று சொன்ன ஏழு படிகளில் எதில் அறிவு இல்லை? எதில் கணக்கு இல்லை? எதில் அறிவியல் இல்லை?

தாய்மார்களே, சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். இது ஆண்கள் விஷயம் என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஏற்றிப்போவது நீங்கள். ஒரு வண்டியைத் தினமும் ஓட்டுபவரின் கை அந்த இழுப்புக்குப் பழகிவிடும். தன்னை அறியாமலே ஸ்டியரிங்கை மறுபக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். "என் வண்டி நேராகத்தான் போகிறது" என்று மனதார நம்புவார். புதிதாக உட்காரும் இன்னொருவர் கைக்குத்தான் உடனே தெரியும். ஆகவே இந்த வாரம் வீட்டில் கணவனும் மனைவியும், அண்ணனும் தங்கையும் வண்டியை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

பெருமக்களே, முடிக்கும் நேரம் வந்துவிட்டது. வரிசையை என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். எப்போது இழுக்கிறது என்ற கேள்வி முதலில். சாலை இரண்டாவது. காற்று மூன்றாவது. டயர் நான்காவது. பிரேக் ஐந்தாவது. தேய்மானம் ஆறாவது. அலைன்மென்ட் ஏழாவது. முதல் மூன்றுக்குக் காசே வேண்டாம். நான்காவதுக்கு அரை மணி நேர உழைப்பு போதும். பிரேக் மிதித்தால் பாயும் வண்டிக்கு மட்டும் இந்த வரிசை இல்லை. அது நேராகப் பட்டறைக்குப் போகட்டும்.

அடுத்த முறை டயர் கடை வாசலில் நின்று "அலைன்மென்ட் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். "என் வண்டி நேராக ஓடும்போது இடப்பக்கம் இழுக்கிறது, காற்று சரிபார்த்துவிட்டேன், டயரை இடம் மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை, பிரேக்கைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அப்படிப் பேசும் வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. நல்ல கடைக்காரர் மகிழ்ந்து வேலை செய்வார். அப்படிப் பேசும் ஒரு தலைமுறை ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகரிலும் உருவாக வேண்டும். உருவாக்குவோம்.